சுமாராக எவ்வளவு?

இந்த ஊரில் கணக்குக்குச் சுமாரான விடை கேட்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நார்தாம்டனுக்கு வந்த மூன்றாம் மாதம், மகள் எஸ்தரின் வினாத்தாளில் இதைப் பார்த்தேன். 398-ஐ 21-ஆல் பெருக்கினால் சுமாராக எவ்வளவு? ஆம்பூரில் படித்த பெண், ஓர் இலக்கம் பிசகாமல் 8358 என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் தப்பு. பதினோரு வருடம் ஆம்பூரில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். சரியான விடைக்குத் தப்புப் போட்ட கையை ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று பள்ளிக்குக் கிளம்பினேன்.

அது வெறும் ஒத்திகைத் தாள்தான். பல நாட்டுப் பிள்ளைகள் எழுதப்போகும் ஒரே வினாத்தாளுக்கு எஸ்தரின் பள்ளியையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனால் ஒத்திகையில் வாங்கிய மார்க்கை வைத்து அவளைக் கடைசி செட்டுக்கு இறக்கப் போவதாகச் சொன்னார்கள். செட் என்பது இங்கே மார்க் வாரியாகப் பிரித்த வகுப்பு. கடைசி செட்டில் விழுந்தால் பிறகு பதினாறு வயதில் எழுதும் பெரிய பரீட்சைக்கு உட்காரவே முடியாது.

“என் மகள் சரியாகத்தானே போட்டிருக்கிறாள்?” என்றேன்.

“மிகச் சரியாக. அதுதான் சிக்கல். இது எஸ்டிமேட் கேள்வி,” என்றார் அந்த ஆசிரியை.

எங்கள் ஊரில் எஸ்டிமேட் என்றால் வீடு கட்ட மேஸ்திரி கொடுப்பது; வேலை முடியும்போது இரண்டு மடங்காகிவிடும். “நாங்கள் வீடு எதுவும் கட்டவில்லையே,” என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இன்னொரு தாள் கேட்டேன்; அடுத்த வாரம் தருவதாக ஒப்புக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது நூர்ஜஹான் ஞாபகத்துக்கு வந்தாள். எழுபதுகளின் நடுவில் என் வகுப்பில் படித்தவள். அவளுடைய அத்தா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தோல் தரம் பிரிப்பவர். இதே மாதிரி ஒரு பெருக்கலுக்கு அவள், “டீச்சர், சுமாரா எட்டாயிரம் வரும்,” என்றாள். பெருக்காமலே சொன்னாள். “கணக்கும் சுமார், நீயும் சுமார்,” என்று சொல்லி முட்டை போட்டேன். வகுப்பு சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. எங்கள் பாடத்திட்டத்தில் சுமாருக்கு இடமில்லை. பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் தோல் ஷாப்பு முழுக்கச் சுமாரில்தான் ஓடியது. தோலை விரித்ததும் இத்தனை சதுர அடி என்று வாய் சொல்லிவிடும், பிறகுதான் அளப்பார்கள். வாசனை எங்கள் வகுப்புவரை வந்தது, அந்தக் கணக்கு வரவில்லை. நானும் வரவிடவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

என் கணவர் சாமுவேலும் ஆம்பூரில் அதே தோல் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவர்தான், இங்கே வேலைக்கு வந்ததும் ஒரு தோல் கிடங்குக்குத்தான். அந்த வாரம் முழுக்கக் கழிவுத் தோல்களைக் கொண்டுவந்து சமையலறையில் விரித்தார்.

“பாத்த ஒடனே எத்தினி அடின்னு சொல்லு கண்ணு. கம்மியோ ஜாஸ்தியோ, பரவால்ல.”

“ஏழரை,” என்றாள் எஸ்தர்.

“இன்னா டீச்சரே, நீ சொல்லு.”

நான் ஐந்து என்றேன். அளந்தால் ஏழே முக்கால். அவர் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

எஸ்தர் இரண்டாவது தாளில் தேறினாள், செட் மாறவில்லை. பல நாட்டுப் பரீட்சையையும் எழுதினாள். நாடுவாரியான மார்க் பட்டியல் வந்தபோது எந்த நாட்டுப் பிள்ளை புத்திசாலி என்று பஸ் நிறுத்தத்தில்கூடப் பேசினார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை: அந்தத் தாள் அளந்தது பிள்ளைகளை அல்ல, பாடத்திட்டங்களை. எதைச் சொல்லிக்கொடுத்தோமோ அதுதான் விளைந்தது. நம் நாடு அந்தப் பட்டியலில் இல்லை. எஸ்தரின் மார்க் இங்கிலாந்தோடு சேர்ந்துவிட்டது. இப்போதும் இப்படிக் கேட்டால் விடைக் கட்டத்தில் 8000 என்று சுமாராகத்தான் எழுதுகிறாள். ஓரத்தில், யாரும் கேட்காத 8358 பென்சிலில் இருக்கிறது.

ஆம்பூர்ப் பக்கம் இதைப் படிப்பவர்களில் யாருக்காவது நூர்ஜஹானைத் தெரிந்தால் சொல்லுங்கள். அவள் விடை சரி. மார்க் போட வேண்டியவள் இங்கே இருக்கிறேன், தாள் அங்கே இருக்கிறது.