மாமனார் காரில் வழுக்கிய ஸ்க்ரூ

இன்று மதியம் சிதம்பரத்தில் மாமனார் காரின் பானட்டைத் திறந்தேன். ஏன்டா திறந்தோம் என்று ஆகிவிட்டது!

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான். இன்று மச்சினிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க எல்லோரும் கடலூர் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். அதற்குள் கிளம்பியாக வேண்டும் என்பது அத்தை உத்தரவு.

காரோ நினைத்த இடத்தில் நின்றுவிடும். இன்ஜினுக்குப் போகும் காற்றை அளக்கிற சென்சார் போய்விட்டதாம். புதுசை மாமா வாங்கியே வைத்திருந்தார்.

"ரெண்டே ஸ்க்ரூதான் மாமா. பத்து நிமிஷத்துல மாத்திடறேன்" என்றேன். (வாய் இருக்கிறதே, வாய்!)

முதல் ஸ்க்ரூ சமர்த்தாகக் கழன்றது. இரண்டாவதில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினால் வழுக்குகிறது! குனிந்து பார்த்தேன். ஸ்க்ரூ தலையிலிருந்த பள்ளமெல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது.

இன்னும் அழுத்தித் திருப்பினாலும் அதே வழுக்கல்!

"என்ன மாப்ள, ஆச்சா?" அத்தை பட்டுப்புடவையில் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஸ்க்ரூவ வழுக்க விட்டுட்டேன் அத்தை..."

"அய்யய்யோ! ஏங்க, வாடகை வண்டி சொல்லிடலாமா?" என்று மாமாவைக் கேட்டார்.

என் மனைவி போனைக் காதிலிருந்து எடுத்தாள். "கேட்டுட்டேம்மா. முகூர்த்த நாளாம், ஒரு வண்டியும் இல்லன்னுட்டாங்க."

மெக்கானிக் கடையும் லீவு. மச்சினி ஜன்னல் வழியாக என்னையே பார்க்கிறாள். மானம் கப்பலேறப் போகிறது!

மாமா அந்த ஸ்க்ரூவையே முறைத்துப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்து இன்னும் பதறினேன்.

ரப்பர் பேண்டை ஸ்க்ரூ தலையில் வைத்து அழுத்தித் திருப்பினேன். ரப்பர் கிழிந்ததுதான் மிச்சம். சுத்தியலால் தட்டலாமென்றால், சென்சார் உட்கார்ந்திருப்பது பிளாஸ்டிக் குழாயில். விரிசல் விட்டால் வண்டி இன்று நகராது!

மணி நாலு. அத்தை வாசலை விட்டு நகரவில்லை.

கடைசியில் இரும்பறுக்கும் ஹேக்ஸா பிளேடால் ஸ்க்ரூ தலையில் குறுக்காக ஒரு கோடு அறுத்தேன். வேர்வை கண்ணில் இறங்குகிறது. தட்டை டிரைவரை அந்தக் கோட்டில் வைத்து, மூச்சைப் பிடித்துத் திருப்பினேன்.

அசையவில்லை.

இன்னொரு தடவை... டக்!

கழன்றேவிட்டது! வேறொரு ஸ்க்ரூ போட்டுப் புது சென்சாரை மாட்டிச் சாவியைத் திருப்பினால், இன்ஜின் நிற்காமல் ஓடுகிறது. மணி நாலு இருபதுதான்!

"எம் மாப்ள கெட்டிக்காரரு! நீங்களும் இருக்கீங்களே!" என்று மாமாவை ஒரு இடி இடித்துவிட்டு அத்தை உள்ளே போனார்.

மாமா என் காதருகே வந்தார். "மாப்ள, அது நீங்க வழுக்க விட்டது இல்ல. போன வாரமே நான் கழட்டப் போயி தேச்சு வச்சிட்டேன். வண்டியில கைய வைக்கக் கூடாதுன்னு உங்க அத்தை சொல்லியிருந்தா. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க!"

"எங்கிட்டயாவது அப்பவே சொல்லக் கூடாதா மாமா?"

"எப்படி மாப்ள? அவ பக்கத்துலயே நின்னாளே!"

சத்தியமாக அத்தையிடம் நான் சொல்லவில்லை! அவர் ஃபேஸ்புக்கில் இல்லை என்ற தைரியத்தில் இங்கே மட்டும் எழுதுகிறேன்.

(சற்றுமுன் அத்தையிடமிருந்து ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் வந்திருக்கிறது. அக்செப்ட் பண்ணலாமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்க மக்களே, மாமா பாவம்!)