காய்ச்சல் பார்க்க வந்தவர்

இது க்ளெனிஸுக்கு நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் முதலில் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்தவர் சொல்லும் பொய்யைப் பிடிப்பதுதான் அவள் பிழைப்பு. பொய்யின் மேல் அவளுக்கு அவ்வளவு வெறுப்பு.

வடக்குக் குயின்ஸ்லாந்தில், கரும்புக் காடுகளுக்கு நடுவே ஒரு மாட்டிறைச்சி ஆலை. அங்கே உடம்பு சரியில்லை என்று லீவு எடுப்பவர்களைக் கவனிப்பது அவள் வேலை. டாக்டர் சீட்டு உண்மையா, ஆள் எப்போது திரும்புவார், திரும்பினால் என்ன லேசான வேலை கொடுக்கலாம், எல்லாம் அவள் பொறுப்பு. போனில் ஒருவன் இருமினால் போதும்... நிஜமா, நடிப்பா என்று சொல்லிவிடுவாள்.

அங்கே ஜூலைதான் குளிர்காலம்; அந்த வருஷம் ஊரெல்லாம் காய்ச்சல். கறி வெட்டும் கூடத்தில் வரிசைக்கு நான்கு பேர் குறைந்தார்கள். மேனேஜர் ராஸ் டன்ஃபிக்குப் பொறுக்கவில்லை.

"பாதிப் பேர் மட்டம் போடறானுங்க, க்ளெனிஸ். வீட்டுக்கே போய்ப் பாரு. கையும் களவுமா பிடிச்சுட்டு வா."

முதலில் டேரல் கியோ வீடு. கத்தி பிடிப்பதில் கெட்டிக்காரன். முதுகுவலி என்று படுத்திருந்தான். ஆனால் அவன் ஆற்றில் தூண்டில் போடுவதாக ஊரில் பேச்சு. அதைப் பிடிக்கத்தான் சொல்லாமல் போனாள்.

டேரல் கட்டிலில்தான் கிடந்தான். முகம் வெளுத்திருந்தது.

"வாங்க தாயே. காலையில ஒரு ஆளு, இப்ப இன்னொரு ஆளா? திருடனுக்குக்கூட இவ்வளவு காவல் கிடையாது."

"காலையில யாரு வந்தது?"

"நீங்க அனுப்பின கிழவர்தான். வெள்ளைக் கோட்டு, ரப்பர் பூட்ஸு. வாசல்ல நின்னு பாத்தாரு. அப்புறம் நெத்தியில கைய வெச்சாரு. ஐஸ்கட்டி மாதிரி கை."

"நான் யாரையும் அனுப்பலையே."

"அப்ப ராஸ் அனுப்பியிருப்பான். அவர் போனதுலேர்ந்து குளிர் விடவே மாட்டேங்குது, க்ளெனிஸ்..."

அவள் நம்பவில்லை. ஆலை தன்னைத் தொல்லை செய்கிறது என்று தொழிலாளர் சங்கத்தில் புகார் கொடுக்க அடிபோடுகிறான் என்றே நினைத்தாள். வெளியே வந்தபோது மரப் படிகளில் ஈரத் தடம் தெரிந்தது. பூட்ஸ் தடம். எல்லாம் வீட்டுக்குள் போகிற தடம். வெளியே வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

அடுத்தது செஃபினா லியோட்டா. கறியைப் பெட்டியில் அடுக்குகிற சமோவாக்காரப் பெண். கதவைத் திறந்த அவள் சித்தி வழிவிடவே இல்லை.

"உங்க கிழவரை இனிமே இந்தப் பக்கம் அனுப்பாதீங்க."

"எந்தக் கிழவர்?"

"டீ குடுத்தோம், தொடலை. ரொட்டி குடுத்தோம், தொடலை. எங்க செஃபினாவ மட்டும் தொட்டாரு. 'நாளைக்கு வா'ன்னாரு. குளிர் அறையில தொங்குற மாட்டோட வாடை அவர் மேல. வீடு பூரா ஜபம் பண்ணினோம், அப்பவும் போகலை."

இரண்டு குடும்பத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பேசி வைத்துக்கொண்டு சொல்ல வழியே இல்லை. இப்போது க்ளெனிஸின் சந்தேகம் டன்ஃபி மேல் திரும்பியது. நேரே அவன் அறைக்குப் போனாள்.

"எனக்குத் தெரியாம ஆள் அனுப்பறீங்களா, ராஸ்?"

"உன் ஒருத்திக்குச் சம்பளம் குடுக்கவே எனக்கு மூச்சு வாங்குது. இதுல இன்னொரு ஆளா?"

சிரித்தான். அந்தச் சிரிப்பையும் அவள் நம்பவில்லை.

மறுநாள் காலை கூடத்தின் கண்ணாடி வழியே பார்த்தாள். டேரல் வந்திருந்தான். செஃபினா வந்திருந்தாள். வரிசையில் ஒரு இடம்கூடக் காலியில்லை. கத்திகள் ஒரே தாளத்தில் ஓடின.

'அதானே! தேடிப் போனதும் நோய் பறந்துபோச்சு.' நடிப்பைப் பிடித்துவிட்ட திருப்தி அவளுக்கு.

சாப்பாட்டு நேரத்தில் செஃபினா தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் சாப்பாடு இல்லை.

"காய்ச்சல் போச்சா?"

தலை மட்டும் அசைந்தது. கண் இமைக்கவில்லை.

அன்று மாலையே க்ளெனிஸுக்கு உடம்பு கொதித்தது. விடிந்ததும் டன்ஃபிக்குப் போன் செய்தாள்.

"என்னால வர முடியலை, ராஸ்."

"நீயுமா?" என்றான். அதே குரல்... அவள் மற்றவர்களிடம் பேசுகிற குரல்.

கணவன் தொலைவில், சுரங்க வேலையில். வீட்டில் அவளும் பிக்ஸி என்ற நாயும்தான். பூட்டிய கதவு. ஜன்னலில் பளீரென்று பகல் வெயில். மூன்று போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை.

பிக்ஸி குரைத்தது.

சட்டென்று நின்றது. முனகிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது.

சளக்...

படியில்.

சளக்... சளக்...

கூடத்தில்.

பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்கவே இல்லை.

குளிர் அறை வாடை... மூக்கைத் துளைத்தது.

படுக்கையறை வாசலில் அவர் நின்றார். வெள்ளைக் கோட்டு. ஈரம் சொட்டும் பூட்ஸ். நிதானமாகப் பார்த்தார். இவள் நிஜமாகவே நோயாளியா என்று எடைபோடுகிற பார்வை.

"நெஜமாத்தான்... நெஜமாவே உடம்பு சரியில்லை..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

நெற்றியில் கை விழுந்தது.

குளிர். எலும்புவரை குளிர்.

"நாளைக்கு வா."

கத்தப் பார்த்தாள். குரல் வரவில்லை...

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய். நாய் விடாமல் ஊளையிட்டதைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துத் தூக்கி வந்திருக்கிறார். நுரையீரலில் சளி கட்டிவிட்டதாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். பல நாள் நினைவே இல்லாமல் கிடந்திருக்கிறாள்.

கிழவர் வந்ததெல்லாம் காய்ச்சலில் தோன்றிய பிரமை என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். ஆலையின் வாசல் காவலுக்கு இருக்கும் பெவ், பூங்கொத்தோடு பார்க்க வரும்வரை.

"ஏண்டி, உடம்பு இவ்வளவு மோசமா இருந்தா எதுக்கு வேலைக்கு வந்தே?"

"எப்ப?"

"நேத்துகூட வந்தியே. இந்த வாரம் பூரா வந்தே. நான்தானே கேட்டைத் திறந்துவிட்டேன்? குட்மார்னிங் சொன்னா திரும்பிக்கூடப் பாக்கலை. என்ன கோவமோன்னு நெனச்சேன்."

க்ளெனிஸ் பெவ்வின் போனை வாங்கி டேரலை அழைத்தாள்.

"டேரல்... நீ எப்ப வேலைக்குத் திரும்பினே?"

"கிண்டலா? கட்டிலை விட்டே இறங்கலை நான். செஃபினாவும் அப்படித்தான் கெடக்கா. பாவம், எழுந்து உட்காரவே முடியலையாம்."

மறுமுனையில் அவன் இருமினான். நிஜ இருமல்.

க்ளெனிஸ் அப்புறம் அந்த ஆலைப் பக்கம் போகவில்லை. வேலையை விடுவதாகச் சொல்ல மட்டும் டன்ஃபிக்குப் போன் செய்தாள். அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"க்ளெனிஸ்... நீ இப்ப எங்கிருந்து பேசறே? ஏன்னா, நீ என் எதிர்லதான் உட்கார்ந்திருக்கே."