நான் தனியாக நடந்த ஆறு வாரம்

பார்வை முழுதாகப் போனபோது எனக்கு நாற்பத்தொன்பது வயது. க்ளாகோமா, கண் அழுத்த நோய். ஒரே நாளில் போகவில்லை. ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, சாவித் துவாரம் அளவுக்குக் கொஞ்ச நாள் நின்று, பிறகு அதுவும் மூடிக்கொண்டது. அதுவரை பம்பாய்த் திலக் நகரிலிருந்து தினமும் ஹார்பர் லைன் ரயிலில் ஃபோர்ட்டுக்கு வேலைக்குப் போனவள் நான். கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு ஏறத் தெரிந்தவள். அப்படிப்பட்டவளை எங்கள் பில்டிங்கில் இருப்பவர்கள் விரிசல் விட்ட பீங்கான் ஜாடி மாதிரி தூக்கிவைக்க ஆரம்பித்தார்கள். நான் லிஃப்டுக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். பிறகு யாராவது என் கணவரிடம் கேட்பார்கள், "மாமிக்கு இப்ப எப்படி இருக்கு மாமா?" நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். கண்ணோடு சேர்த்துக் காதும் மூளையும் போய்விட்டன என்று அவர்களுக்கு எண்ணம்.

என் கணவர் அப்போதுதான் ரிட்டையர் ஆகியிருந்தார். என்னை அவர் கேஸ் அடுப்பைத் தொடவிட மாட்டார். பாத்ரூம் வாசலில் காவல் நிற்பார்.

பார்வை போன நாலாவது வருஷம், மாதுங்காவில் ஒரு மாடியறையில், பார்வையில்லாதவர்களுக்கு மொபைல் போன் சொல்லித்தரும் வகுப்பு செவ்வாயும் வெள்ளியும் நடந்தது. அதில் சேர்ந்தேன். சொல்லித்தருபவர் தாராவிக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். பிறவியிலிருந்தே பார்வையில்லை. நடுவயதில் கண் போனவர்கள் என்றால் அவருக்கு ஓர் இளக்காரம். அதை மறைக்கிற பழக்கமும் அவரிடம் இல்லை.

"நேத்து வரைக்கும் பாத்துட்டுக் கெடந்தவங்கதான் இங்க வந்து ரொம்ப அழுவாவ," என்றார் முதல் நாளே. "எங்களுக்கு அழுறதுக்கு எங்க நேரம் இருந்துச்சு? நீங்க அழணும்னா அழுதுட்டு வாங்கக்கா. நான் டீ குடிச்சுட்டு வாரேன்."

நான் அழவில்லை. அவர் மேல் வந்த கோபத்தில் அன்றைக்கே போனில் பாதியைக் கற்றுக்கொண்டேன்.

அங்கேதான் அந்த ஆப் எனக்கு வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு கம்பெனி, புதிதாகச் செய்தது, எங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கேமராவை முன்பக்கம் திருப்பிவைக்க வேண்டும். இரண்டு காதிலும் இயர்போன், கையில் எப்போதும்போல வெள்ளைக் கோல். ஒரு பெண்குரல் எங்கே திரும்புவது, எதிரே என்ன வருகிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வரும். விளம்பரத்தில் பல்பொடி விற்கிற குரல். சுனாபட்டி என்ற ஸ்டேஷன் பெயரைக் கடித்துத் துப்பும். குர்லா ஸ்டேஷனில் இறங்கினால், "மனிதர். மனிதர். மனிதர். நாய். மனிதர்," என்று ஆரம்பித்துவிடும். குர்லாவில் மனிதர் இருக்கிறார் என்று எனக்கு அறிவிக்க வானத்தில் ஒரு சாட்டிலைட் சுற்ற வேண்டியிருந்தது.

இருந்தாலும் அதை நம்பினேன். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இனிமேல் வகுப்புக்குத் தனியாகப் போகப் போகிறேன் என்று என் கணவரிடம் சொன்னபோது பெரிய சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

"தாராளமா போயிட்டு வா. தைரியமா போ," என்றார்.

அடுப்பைத் தொடவிடாத மனுஷர் குர்லாவில் வண்டி மாறிப் போகச் சொல்கிறார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம் வந்தது.

ஆறு வாரம் போய்வந்தேன். திலக் நகரில் ஏறி, குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி, சென்ட்ரல் லைன் ஸ்லோ வண்டியில் மாதுங்கா. ஒரு தடவைகூட எதிலும் முட்டவில்லை. நடைபாதையில் நிறுத்திவைக்கும் பைக்குகள் என் வழியில் மட்டும் இல்லை. ரோடு தாண்டும்போது ஆட்டோக்கள் நின்றன. பம்பாய் திருந்திவிட்டது என்றுகூட நினைத்தேன். மற்றபடி எல்லாப் பெருமையையும் அந்தப் பல்பொடிக் குரலுக்கே கொடுத்தேன்.

ஆறாவது வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணும் கேமராக்காரர் ஒருவரும் வந்தார்கள், என்னை வீடியோ எடுக்க. மாதுங்கா மார்க்கெட்டில் என்னை நாலு தடவை நடக்கவைத்தாள் அந்தப் பெண். "ஆன்ட்டி, தோடா ஸ்லோ. தோடா ஸ்மைல்." கொஞ்சம் மெதுவாக நடக்கணும், கொஞ்சம் சிரிக்கணும். ஆப் வருவதற்கு முன்னால் நான் எப்படி இருட்டில் கிடந்தேன் என்று சொல்லச் சொன்னாள். நான் கிடக்கவில்லை, ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் தமிழில் ஒரு வரி கேட்டாள்.

"இனிமே எனக்கு யாரோட கையும் வேண்டாம்," என்றேன்.

மூன்று தடவை சொல்லவைத்தாள். மூன்றாவது தடவை என் குரல் உடைந்துவிட்டது. அதைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

வீடியோ வந்த மறுநாள் எதிர் ஃப்ளாட்டுப் பெண் வாசலில் நின்று மெச்சினாள்.

"சூப்பர் மாமி! நாங்க எல்லாரும் அழுதுட்டோம். மாமாவும் வீடியோல எவ்வளவு அழகா விழுந்திருக்கார்!"

"எந்த மாமா?"

"நம்ம மாமாதான். உங்க பின்னாடியே, மஞ்சள் பையை வெச்சுண்டு வரார். ஒரு இடத்துல பைக்கைக்கூட ஓரமா நகர்த்தறார். லவ்லி மாமி!"

கதவைச் சாத்திவிட்டு அப்படியே நின்றேன். உள்ளே அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அந்த வீடியோவைப் பார்த்த எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. படம் எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மார்க்கெட்டில் எனக்குக் கீரை கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. யாருடைய கையும் வேண்டாம் என்று குரல் உடைந்து சொன்ன முட்டாளுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

வகுப்பில் சாரிடம் மட்டும் சொன்னேன். அவருக்காவது தெரிந்திருக்காது என்று ஓர் ஆறுதல்.

"ஏங்க்கா, ஒங்க பின்னால எப்பமும் ஒரு செருப்பு வருமே," என்றார் அவர். "எடது கால் வாரு தளர்ந்து சப்பு சப்புன்னு அடிக்குமே. படி ஏறாம கீழயே நின்னுக்கிடும். நீங்கதான் வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாரியன்னு நெனச்சேன். ஒங்களுக்குக் கேக்கலயா?"

"இல்லையே."

"எப்பிடிக் கேக்கும்? ரெண்டு காதுலயும் அதச் சொருவி வச்சிருக்கிய. கண்ணு போனவுகளுக்கு மிச்சம் இருக்குறதே காதுதான், அதையும் அடைச்சுட்டு அந்தப் பொம்பள சொல்லுதத நம்பி நடக்கிய. அது பைக்க கண்டுபிடிக்கல, ஒங்க வீட்டுக்காரர் நகத்தி வச்சாரு." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது வலது காதில் மட்டும் இயர்போனை வைத்துக்கொண்டேன். திலக் நகர் ஸ்டேஷன் போகிற வழியிலேயே கேட்டது. சப்பு, சப்பு. பதினைந்து அடி தள்ளி. நான் நின்றால் நிற்கிறது. என் கோல் ஒரு கல்லில் தட்டினால் இரண்டு அடி ஓடி வந்து, அப்புறம் தயங்குகிறது. முப்பது வருஷம் அந்தச் செருப்போடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதுகூட என் காதில் விழவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

குர்லாவில் மாதுங்கா வண்டி வந்தது. நான் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஏறினேன். செருப்பு என்னைத் தாண்டிப் போய் அடுத்த பெட்டியில் ஏறும் சத்தம் கேட்டது. உடனே திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோலால் ப்ளாட்ஃபாரத்தைத் தொட்டு இறங்கினேன். உள்ளேயிருந்து ஒரு பெண் அலறினாள், "அரே, காடி சூட் ஜாயேகி!" வண்டி போய்விடும் என்கிறாள். போகட்டும். போயிற்று, அவரையும் ஏற்றிக்கொண்டு.

ப்ளாட்ஃபாரத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். "மனிதர். மனிதர்," என்றது ஆப்.

நான் இருக்கும் இடம் அவர் போனில் தெரியும்படி அவரே வைத்துத் தந்திருந்தார். அதை அணைத்தேன். அடுத்த வண்டியில் ஏறி, மாதுங்காவுக்கு முந்தின ஸ்டேஷனான சயானில் இறங்கித் தாராவிப் பக்கம் வெளியே வந்தேன். இத்தனை வருஷம் பம்பாயில் இருந்தும் நான் தாராவிக்குள் கால் வைத்தவள் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னாலே மூக்கைச் சுருக்குவோம். அவர் தேடவே தேடாத இடம் என்பதால்தான் அங்கே போனேன்.

தாராவிக்குள் இருக்கும் தொண்ணூறடி ரோட்டுக்கு ஆப்பிடம் வழி கேட்டேன். ஆப் உற்சாகமாக ஆரம்பித்தது. "இருபது மீட்டரில் வலப்பக்கம்..." மணி அடித்தது. அவர். கட் செய்தேன். "பத்து மீட்டரில்..." மறுபடி அவர். எட்டுத் தடவை அடித்தார். ஒவ்வொரு தடவையும் அது விட்ட இடத்தை மறந்து முதலிலிருந்து சொன்னது. ஒன்பதாவது தடவை, "பாதை தெளிவாக உள்ளது," என்று சொன்னது. நான் காலை வைத்த இடத்தில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

பள்ளம் முழங்கால் ஆழம்தான். முட்டி சிராய்த்தது, புடவை கிழிந்தது. போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு எழுந்தேன்.

"யம்மா, அந்தப் பக்கம் பூரா வெட்டிப் போட்டுருக்கான். எங்க போணும் ஒனக்கு?" ஒரு பெண்குரல், இட்லிப் பாத்திரத்தின் ஆவிக்குப் பக்கத்திலிருந்து.

"எங்கயும் போகணும்னு இல்லை."

"அப்பம் இங்க வந்து உக்காரு."

என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள், நான் கோலைத் தட்டி வந்து அவள் பெஞ்சில் உட்கார்ந்தேன். முட்டியில் தண்ணீர் ஊற்றச் சொம்பைக் கையில் கொடுத்தாள். பிறகு இட்லி வைத்துக்கொண்டே கேட்டாள், "கண்ணு எப்பம் போச்சி?"

நான்கு வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடமே கேட்ட முதல் ஆள் அவள்தான். சொன்னேன்.

"புருசன் இருக்காரா?"

"இருக்கார். மாதுங்கா ஸ்டேஷன்ல நிக்கறார்."

"அங்க என்ன சோலி?"

"என்னைத் தேடறார்."

அவள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பாவம் என்று ஒரு தடவைகூட அவள் சொல்லவில்லை. கிளம்பும்போது, பள்ளத்தை விட்டு விலகிப் போக எந்தக் கடைச் சத்தத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னாள். முதலில் தையல் மிஷின், அப்புறம் மசூதி வாசல் பேச்சுச் சத்தம், அப்புறம் பஸ். அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்தே கிடந்தது.

"எங்க போனே?" என்றார்.

"தாராவிக்கு."

"தாராவியா! எங்கயாவது விழுந்திருந்தா?"

"விழுந்தேன். எழுந்துண்டேன்."

முட்டியைப் பார்த்திருப்பார். டெட்டால் பாட்டிலைத் தேடிக்கொண்டு வந்தார். துடைக்கவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், ஆறு வாரத்துக்குச் சேர்த்து. என்னை ஊர் சிரிக்க வைத்தீர்கள் என்றேன். பயந்துதான் வந்தேன் என்றார். பயந்தால் வீட்டில் உட்கார்ந்து பயப்படுங்கள் என்றேன். டெட்டால் பாட்டிலைத் திருகித் திருகி மூடினார்.

"நீ போயிட்டா எனக்கு இங்க என்ன வேலை?" என்றார் கடைசியில். "ஆபீசும் இல்லை. உன் பின்னாடி வந்தா, ஏதோ வேலைக்குப் போற மாதிரி இருந்தது."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ஆனால் இரக்கப்பட்டால் என்ன நடக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"வேற வேலை தேடிக்கோங்கோ. நான் உங்க வேலை இல்லை," என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கம்பெனிப் பெண் இன்னொரு வீடியோவுக்காகக் கூப்பிட்டாள். தாராவிப் பள்ளத்தையும் சேர்த்துச் சொல்கிறேன் என்றேன். "ஷ்யூர் ஆன்ட்டி, கால்பேக் கர்தி ஹூன்," என்றாள். இதுவரை கூப்பிடவில்லை.

ஆப்பை நான் அழிக்கவில்லை. மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, பால் பாக்கெட்டில் என்ன தேதி என்று படிக்க உதவுகிறது. அந்த மாதிரி குமாஸ்தா வேலைக்கு அது போதும். ரோட்டில் அதன் பேச்சை ஒரு காதால் கேட்கிறேன், பாதிதான் நம்புகிறேன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன்.

அவர் இப்போது செவ்வாயும் வெள்ளியும் எதிர்ப்பக்க வண்டியில் செம்பூர் போகிறார். அங்கே ரிட்டையர் ஆனவர்கள் நாலு பேர் சேர்ந்து கேரம் ஆடுகிறார்களாம். போகிற நாளெல்லாம் தோற்றுவிட்டு வருகிறார். எப்படித் தோற்றார் என்று இரவு சாப்பிடும்போது முழுக்க விவரிக்கிறார். சகிக்க முடியவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.