மாட்டெலும்புப் பொடி

மார்ச் 4, செவ்வாய். வழக்கம்போல் ஆறு மணிக்குக் குளித்து, விபூதி பூசி, தோ பாயோ வீட்டிலிருந்து பல் மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கே ஆய்வு நடத்தும் மருத்துவருக்கு ஒட்டிய கன்னம், மடிப்புக் கலையாத சட்டை. பேசும்போது என்னைப் பார்க்காமல் திரையில் தெரிந்த என் தாடையையே பார்த்தார். பல் பிடுங்கிய குழியில் எலும்புப் பொடி நிரப்பும் ஆய்வு அவருடையது. ஒரு பொடி மாட்டெலும்பு, மற்றது செயற்கை. பிடுங்கிய என் கடைவாய்ப் பல்லின் குழியையும் அதில் சேர்க்க வேண்டும் என்றார்.

“எனக்கு எதை வைப்பீங்க?”

“எனக்கே தெரியாது அங்கிள். கம்ப்யூட்டர்தான் குலுக்கல்ல முடிவு பண்ணும்.”

“நான் சைவம். மாட்டெலும்பு வேணாம்.”

“சாப்பிடவா சொல்றேன்? பொடிதானே லா!”

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

மார்ச் 5, புதன். காலை முதல் வேலையாக அவரைத் தொலைபேசியில் அழைத்து, ஆய்வில் சேரமாட்டேன் என்றேன். என் பெயரைச் சொல்லியும் அவருக்கு ஆள் யாரென்று விளங்கவில்லை. கீழ்த்தாடை, இடது கடைவாய் என்றதும், “ஆ, அங்கிள்! நல்ல குழியாச்சே!” என்றார்.