பனிச்சரிவு பத்து மணி என்றால் பத்து மணிதான்

போன சனிக்கிழமை ஜெர்மனியின் பவேரியாவில் பனி மூடிய ஒரு மலைச்சரிவைக் கடக்காமல் திரும்பி வந்தேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது. கடக்காததற்கே இவ்வளவு வலி!

மகள் நிரோஜா மூனிக்கில் படிக்கிறாள். ஓய்வு கிடைத்தால் மலையேறுவாள். ஈஸ்டர் விடுமுறைக்கு என்னையும், டோர்ட்மண்டில் எங்கள் பக்கத்து வீட்டு யோகன் அண்ணையையும் கூட்டிப்போனாள். சரிவைக் கடந்தால் ஒரு குடில், சூடான சூப், இறங்குவதற்குக் கேபிள் கார். ஏறுவதற்கும் அதையே பிடித்தால் என்ன? கேட்டேன். முறைத்தாள்.

"ஆறு மணிக்கு வெளிக்கிடவேணும் அப்பா. பத்து மணிக்குப் பிறகு அந்தச் சரிவில கால் வைக்க ஏலாது."

இரவில் உறைந்த பனி காலையில் கல்லாக நிற்குமாம். வெயில் ஏறினால் இளகி, மொத்தமாகச் சறுக்குமாம். தங்கிய வீட்டுச் சுவரில் அறிக்கையும் ஒட்டியிருந்தது — பனி சரியும் அபாயம் ஐந்துக்குக் காலையில் இரண்டு, பிறகு மூன்று.

தலையாட்டினோம். எட்டு மணிக்கு வெளிக்கிட்டோம்.

ஏன்? கல்யாணக் கார்டில் பத்து மணி என்று இருந்தால் பன்னிரண்டு என்று வாசிக்கிறவர்கள் நாம். கார்டு அடிக்கிறவருக்கும் அது தெரியும். பிள்ளையும் நம்மை அறிந்து இரண்டு மணித்தியாலம் முன்தள்ளித்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தோம். யோகன் அண்ணை ஆறுதலாகப் புட்டைக் கட்டினார். இதே மனிதர் ஜெர்மன் அரசாங்க அலுவலகத்தில் டெர்மின் என்று நேரம் குறித்துக் கொடுத்தால் அரை மணி முந்திப் போய் நிற்பார். நானும்தான்.

சரிவுக்கு வந்தபோது பதினொன்றரை. மகள் ஓரத்துப் பனியில் ஒரு காலை வைத்தாள். முழங்கால் வரை புதைந்தது.

"இனி ஏலாது. திரும்புவம்."

"அங்க குடில் தெரியுது பிள்ளை... பத்து நிமிச நடை" என்றார் யோகன் அண்ணை.

எனக்கும் அலுத்துவிட்டது. ஏறிய வழியெல்லாம் திரும்ப இறங்குவதா? "பாத்துப் பாத்துப் போவமே அம்மா" என்றேன்.

"நான் நேரத்தை முன்தள்ளிச் சொல்லேல்லை அப்பா. உள்ளதைத்தான் சொன்னனான்." குரல் நடுங்கியது. மலையேறுகிற பிள்ளை பயந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினோம். ஐந்து நிமிடம் இருக்காது. லாரியில் கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம். திரும்பிப் பார்த்தால், நாங்கள் நடக்கவிருந்த பாதையைக் காணவில்லை.

யோகன் அண்ணை அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார். மகள் என் கையைப் பிடித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இறங்கும்வரை அந்தக் கையை விடவில்லை.

இன்றைக்கு ஹம் நகரில் ஒரு கல்யாணம். கார்டில் பத்து மணி. யோகன் அண்ணையும் நானும் சரியாகப் பத்துக்கு வந்துவிட்டோம். மண்டபம் பூட்டு. போன் செய்தேன், மாப்பிள்ளை இப்போதுதான் குளிக்கப் போயிருக்கிறாராம்.

பரவாயில்லை, காத்திருக்கிறோம் — உயிரோடுதானே!