பாரம் ஜாஸ்தி

சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதனால் பேட்டரி வண்டி வாங்கிய அன்று நான்கு தேர் வீதியையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் போகிறது என்று எடுத்து வந்துவிட்டேன். ஏற்றம் ஏறுமா என்று கேட்கத் தோன்றவேயில்லை. கேட்டிருந்தாலும் கடைக்காரர் ஏறும் என்றுதான் சொல்லியிருப்பார், அது வேறு விஷயம்.

அடுத்த வருடம் கடலூருக்கு மாற்றல் வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே என் கணவருக்குப் பக்கவாதம். இடது கையும் காலும் விளங்காமல் போயின. விடாமல் பயிற்சி கொடுத்தால் பழையபடி நடப்பார், விட்டால் இப்படியேதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்கும் இடம் கேப்பர் மலைமேல்.

மலை என்று பெயர்தான். ஊட்டிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் இருவரையும் சுமந்துகொண்டு என் வண்டி முந்திரித் தோப்பு வளைவுக்கு வந்ததும் முனகிக்கொண்டே நின்றுவிடும். பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டான். ஓரமாக ஒதுங்கி, மோட்டார் சூடு ஆறிய பிறகுதான் மறுபடி கிளம்ப முடியும். வருகிற எரிச்சலை எல்லாம் அவர்மேல்தான் கொட்டுவேன். "கொஞ்சம் முன்னாடி நவுந்து ஒக்காந்தா என்னங்க?" அவர் நல்ல கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு நகரப் பார்ப்பார்.

மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "வண்டில ஒரு கோளாறும் இல்லக்கா. பாரம்தான் ஜாஸ்தி."

என் கணவர் பக்கத்தில்தான் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஆமாப்பா, என்ன பண்றது?" என்றேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதற்குப் பிறகு காலையில் நாலு இட்லி மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று. கேட்டால் "பசிக்கலம்மா" என்பார். மாத்திரைச் சூடு என்று நினைத்துக்கொண்டு, தட்டை எடுத்துக் கழுவிவிட்டு ஆபீசுக்கு ஓடுவேன். ஒருநாள் ஏற்றத்தில், பின்னாலிருந்து, "இன்னிக்கு கொஞ்சம் நல்லா ஏறுதுல்ல?" என்றார். "எங்க ஏறுது, அதே கததான்" என்றேன். அன்றும் வண்டி அதே வளைவில்தான் நின்றது.

அந்த வாரமே, பயிற்சியின்போது கம்பியைப் பிடித்தபடி நின்றவர் அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டார். பயிற்சி கொடுக்கும் பெண் அவரை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தாள். ஏழு கிலோ குறைந்திருந்தது. "சாப்பாடு போடுறீங்களா இல்லியாக்கா? ஒடம்புல தெம்பு இல்லாம கால் எப்படி நிக்கும்?" என்று என்னைத்தான் பிடித்தாள். எனக்கு மானம் போயிற்று. திரும்பும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே கத்தினேன். "ஏங்க இப்படிப் பண்றீங்க? நடக்கணும்னு ஆச இல்லியா?"

"வண்டி ஏறணும்ல" என்றார்.

வண்டியை ஓரம் கட்டினேன். அழுதேன். என் முதுகைத் தட்டிக் கொடுக்க அவருக்கு நல்ல கை ஒன்றுதான் இருந்தது, அதிலும் கம்பு. கம்போடுதான் தட்டினார்.

மறுநாள் நாலு இட்லியையும் அவர் முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த முறை மலையேறும்போது, வளைவில் வண்டி முனகத் தொடங்கியதும் அவர் இறங்குவதற்காகக் கம்பை எடுத்தார்.

"நீங்க ஒக்காருங்க" என்று நான் இறங்கிக்கொண்டேன். ஹேண்டில்பாரைப் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். முனகல் நின்றது. அவரை உட்காரவைத்தபடி வண்டி நிற்காமல் மேலே ஏறியது.

அவர் மடிந்து உட்கார்ந்த அன்று, எடை மெஷினிலிருந்து அவரை இறக்கிய பிறகு நானும் அதில் ஏறிப் பார்த்திருந்தேன். அவரைவிட எனக்குப் பதினோரு கிலோ ஜாஸ்தி. இத்தனை மாதத்தில் நான் இறங்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.