இன்டு போட்ட மேசை

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் என் வீட்டு நடுச்சுவரில் வந்து காது வைத்துப் பார்க்கட்டும். பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் அந்த ஒரே சுவர்தான். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே நான் எடுக்கக் குனிவேன்.

அந்த வீட்டுக்காரிக்குத் தெருவே வைத்த பெயர் ‘இன்டு அக்கா’. ரெடிமேட் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. தையலில் குறை கண்டால் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி, அதாவது இன்டு, போடுவாள். துணி தைத்தவரிடமே திரும்பிப் போகும், சரிசெய்து அனுப்புவார்கள். ‘இதில் குறையே இல்லை’ என்று தைத்தவர் நினைத்தால் இன்டுவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் திருப்பிவிடுவார். வட்டம் விழுந்தால் பேச்சு முடிந்தது. அப்புறம் திருத்தவென்று யாரும் அந்தத் துணியைத் தொடமாட்டார்கள்.

வீட்டிலும் அவளுக்கு அதே கண்தான். பால்காரர் முதல் பல் டாக்டர் வரை எல்லார் மேலும் சந்தேகம். கட்டியவரைக் கேட்கவே வேண்டாம். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் சிரிப்பு இருக்கிறதே, குதிரை கனைப்பது போலிருக்கும். தெருமுனையில் சிரித்தால் நாய்கள் எழுந்து நிற்கும். “மானம் போகுது” என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அந்தச் சிரிப்புக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டதாக ஒருமுறை வாய் தவறி என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் மறப்பேனா?

தனக்கென்று பூட்டிவைக்க வீட்டில் ஒரு மூலை வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதற்காகப் பழைய மரச்சாமான் கடைக்குப் போனோம். அங்கே நின்றது அந்த மேசை. முன்பலகையைச் சாய்த்தால் எழுதும் மேசை. நிமிர்த்திப் பூட்டினால் அலமாரி. உள்ளே குட்டிக்குட்டி இழுப்பறைகள். அவள் முதுகுப்பலகையைத் தட்டினாள். மூலையெல்லாம் முகர்ந்தாள். ஒவ்வோர் அறையாக இழுத்தாள். இடது ஓரத்து அறை மட்டும் வரவில்லை.

“இதுல என்ன வச்சிருக்கீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. மரம் ஊறிப்போச்சு. அத விட்ருங்க,” என்றார் கடைக்காரர்.

அவள் கைப்பையிலிருந்து சாக்பீஸ் வந்தது. பலகையில் கீறல்... ஒரு இன்டு. ஓர் அறைக்குப் பித்தளைக் குமிழ் இல்லை... இன்னொரு இன்டு.

கடைக்காரர் முகம் வெளுத்தது. தோள் துண்டால் பரபரவென்று துடைத்தார். “கோடெல்லாம் போடாதீங்கம்மா. அதுக்கு வேலை வைக்காதீங்க.”

“எதுக்கு?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். சொன்ன விலையில் பாதிக்கே தலையாட்டினார்.

“பாதிக்கு ஒத்துக்கிட்டான்னா இதுல ஏதோ இருக்குக்கா,” என்று என் காதைக் கடித்தாள். இருந்தும் வாங்கினாள். சந்தேகம் பெரிதுதான், மலிவு அதைவிடப் பெரிது.

இறக்கும்போது ஒன்று நடந்தது. சுமைக்காரர் வழுக்கைத்தலை, ஐம்பது வயதிருக்கும். மேசையின் கால் அவர் பாதத்தில் இறங்கியது. நகம் பிளந்தது. “ஐயோ” என்றது நான்தான். அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணும் கலங்கவில்லை. பாதத்தைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். போய்விட்டார்.

தச்சரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று அவள் மறுபடியும் கீறலுக்கொரு இன்டு, குமிழுக்கொரு இன்டு போட்டுவைத்தாள்.

மறுநாள் குமிழ் இருந்தது. மற்றவற்றைப் போலவே பழைய பித்தளை, அதே தேய்மானம். அங்கே போட்ட சாக்பீஸ் கோட்டைக் காணோம்.

“நீங்களா?” என்று புருஷனைப் பிடித்தாள்.

“நானா? ஆணி அடிக்கச் சொன்னா விரல அடிக்கிறவன் நான்!” குதிரை கனைத்தது.

அடுத்து என்னைப் பார்த்தாள். “எங்க வீட்டுச் சாவி ஒண்ணு உங்ககிட்ட இருக்குல்லக்கா?”

எனக்குச் சுருக்கென்றது. இவள் வீட்டு மேசைக்குக் குமிழ் திருகுவதுதான் என் வேலையா?

அன்று மதியம் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. மூன்றேகால் மணி. சுவருக்கு அந்தப் பக்கம்...

சர்ர்க்... சர்ர்க்... சர்ர்க்...

உப்புத்தாள் தேய்க்கும் சத்தம். சுவரை இரண்டு முறை தட்டினேன். நின்றது.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து...

டொக். டொக்.

மாலையில் அவள் வந்து பார்த்தபோது கீறல் இல்லை.

விடுமுறை நாளன்று புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நானும் சாட்சிக்கு உட்கார்ந்திருந்தேன்.

“பேயா? நல்ல உழைப்பாளிப் பேயா இருக்கே! ஒழுகுற குழாயயும் பாக்கச் சொல்லு!” என்று கனைத்தார், கனைத்தார், கண்ணில் நீர் வரக் கனைத்தார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த சாக்பீஸால் அவர் சட்டைக் காலரில் பளிச்சென்று ஒரு இன்டு போட்டாள். “முதல்ல இந்த இளிப்பச் சரிபண்ணச் சொல்றேன்.”

நானும் சிரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே மேசைக்குப் பக்கத்து சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினார். நாங்கள் தெருமுனைக்கு நூல்கண்டு வாங்கப் போனோம். போய் வந்த நேரம்தான்.

கதவைத் திறந்தோம்.

சர்ர்க்...

நின்றது.

மேசையின் முன்பலகை சாய்ந்திருந்தது. அதைப் பூட்டிய சாவி அவள் இடுப்பில் இருந்தது.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். காலரில் கோடு இல்லை. தாடையில் சின்ன வயசுத் தழும்பு ஒன்று உண்டு... அதுவும் இல்லை. வழவழவென்றிருந்தது. வார்னிஷ் வாசனை.

“என்னங்க... எந்திரிங்க...”

எழுந்தார். புன்னகைத்தார். நன்றாகத்தான் இருந்தார். எனக்கு உயிர் வந்து, “குழாயப் பாக்க வந்துச்சா உங்க பேய்?” என்றேன்.

அவர் வாய் திறந்தது. பல் தெரிந்தது. தோள் குலுங்கியது.

சத்தம் வரவில்லை.

தொண்டையில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். பேசுகிறார், சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார். சிரிப்பு மட்டும் இல்லை. நான்காம் நாள், மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்தாள். புதுக் குமிழ் வைத்த அறை. இழுத்தாள். வரவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்தோம். வரவில்லை.

கடைக்கு ஓடினோம். கடைக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“இப்போ எத்தன அறை திறக்கல?”

“ரெண்டு,” என்றாள்.

அவர் மெல்ல உட்கார்ந்தார். “அன்னிக்கு மேசயத் தூக்கிட்டு வந்தானே, அவன் என் தம்பி. தொட்டில்ல கெடக்கும்போது ஓயாம அழுவான். எங்கம்மா அந்த மேசைலதான் துணி வெட்டுவாங்க. ஒருநாள் ஆத்திரத்துல அவன் சட்டைல சாக்பீஸால கோடு போட்டு, இத யாராச்சும் நிறுத்துங்களேன்னாங்க. அதோட சரி. இன்னிவரைக்கும் அவன் அழுததில்ல. அம்மா செத்தப்பவும்.”

“எரிச்சுத் தொலைக்கலாம்ல?”

“அவன் அழுகை உள்ள இருக்கேம்மா... எப்படி எரிப்பேன்? வீட்லயும் வச்சுக்க முடியல. மத்தியானமானா கேக்குது.”

ஓட்டமும் நடையுமாக வீடு திரும்பினோம். அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த அறையின் மேல் இன்டு போட்டாள். அழுத்திப் போட்டதில் சாக்பீஸ் உடைந்தது. குறை இதுதான், செய்த நீயே சரிசெய்து கொடு. வேறென்ன அர்த்தம்? பலகையைப் பூட்டினாள்.

காலையில் இருவரும் சேர்ந்து திறந்தோம்.

இன்டு அழியவில்லை.

அதைச் சுற்றி ஒரு வட்டம்.

வெள்ளை வட்டம். கை நடுங்காமல் போட்டது...

அவள் அறையின் மேல் காதை வைத்தாள். நானும் வைத்தேன். வைக்காமல் இருப்பேனா? வெகு தூரத்தில்... மெலிதாக... குதிரை கனைத்தது.

திரும்பினோம்.

வாசற்படியில் அவர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் தெரிய, தோள் குலுங்க.